இடுப்புக்குள் ரத்தக்குழாய் வீக்கம்: அப்பாவின் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோரும் கேட்கும் கேள்விகள்

போன வருடம் ஆனி மாதம், மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் முன்பே, அப்பாவுக்கு இடது இலியாக் தமனியில் இருந்த அனியூரிசத்துக்கு ஆபரேஷன் முடிந்தது. அவருக்கு 71 வயது, மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம். பார்க்க வந்தவர்கள், போனில் கூப்பிட்டவர்கள், இதே பிரச்சினையோடு யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஏறக்குறைய ஒரே பதினைந்து கேள்விகள்தான். நான் டாக்டர் இல்லை, கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, ஒவ்வொரு முறையும் ரத்தநாள சர்ஜனிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தேன், அதிலிருந்து எடுத்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலியாக் தமனி என்றால் எங்கே இருக்கிறது?

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் மகாதமனி. அது வயிற்றின் பின்பக்கமாக, முதுகெலும்பை ஒட்டியே இறங்கி, சுமாராகத் தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும்தான் பொது இலியாக் தமனிகள், வலது ஒன்று இடது ஒன்று. அவை ஒவ்வொன்றும் இடுப்புக்குள் மறுபடி இரண்டாகப் பிரியும்: வெளி இலியாக் நேராகத் தொடைக்குப் போய் காலுக்கு ரத்தம் தருகிறது, உள் இலியாக் இடுப்புக்குள்ளேயே இறங்கி பிட்டத் தசை, மூத்திரப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்குப் பாய்ச்சுகிறது. ஆற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால், வாய்க்காலிலிருந்து பிரிந்த கன்னி என்று அப்பாவுக்கு நான் படம் போட்டுக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மதகு எங்கடா இருக்கு?" என்பது. மதகு கிடையாது, அதுதான் தொந்தரவே. உள் இலியாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் முக்கியமான ஆள்.

அனியூரிசம் என்பது கட்டியா? புற்றுநோயா?

இரண்டும் இல்லை. குழாயின் சுவர் ஓரிடத்தில் பலம் இழந்து வெளியே புடைத்து நிற்பது. மோட்டார் கொட்டகையில் பச்சை ஓஸ் போட்டுத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பழைய ஓஸில் ஒரு இடம் மட்டும் நூல் விட்டுப்போய், மோட்டார் போட்டதும் மாம்பழம் மாதிரி உப்பும், சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி இன்னும் ஒரு போகம் ஓட்டுவோம். உப்பின இடம் தானாகச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அகலம் கூடக் கூட, அதே அழுத்தத்துக்கே சுவர் தாங்க வேண்டிய இழுவை அதிகமாகும், அதனால் பெருத்தது மேலும் பெருக்கும். உடம்பிலும் கணக்கு அதேதான்.

ஆண்களுக்குப் பொது இலியாக் தமனி சுமார் 1.2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. வழக்கமான அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் அனியூரிசம் என்கிறார்கள். அதாவது ஆண்களுக்கு 1.8 சென்டிமீட்டரைத் தாண்டினால். பெரும்பாலும் மகாதமனி வீக்கத்தோடு சேர்ந்தே இது வரும், இலியாக்கில் மட்டும் தனியாக வருவது அபூர்வம். அப்பாவுக்கு அந்த அபூர்வம்.

வலிக்கவே இல்லை என்கிறீர்கள், பின்னே எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் இருக்கிறது.

அப்பாவுக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று பிராஸ்டேட்டுக்காக ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தவர் புரோபை இடுப்பின் இடது பக்கம் வைத்தே ரொம்ப நேரம் நின்றார், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். அங்கே 3.8 சென்டிமீட்டர். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்லடைப்பு சந்தேகத்தில் வேறொரு இடத்தில் எடுத்தது. வீட்டு பீரோவிலிருந்து கொண்டுவந்து காட்டினால், அதன் இரண்டாம் பக்கத்தில் கீழே ஒரு வரி: இடது பொது இலியாக் 3.3 சென்டிமீட்டர், மேற்கொண்டு பார்க்கவும். அந்த வரியை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கல் இல்லை என்றார்கள், சந்தோஷமாக டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். நாங்களும் படிக்கவில்லை என்பது எங்கள் பக்கத் தப்பு, ஆனால் எழுதினவருக்கும் கொடுத்தவருக்கும் வாய் இருந்ததுதானே. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசி வரி வரை படியுங்கள், புரியாவிட்டால் "இது என்ன?" என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

மற்றபடி, பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இடுப்பின் ஆழத்தில் இருப்பதால் வயிற்றை அமுக்கிப் பார்த்தாலும் பல நேரம் கைக்குத் தட்டுப்படாது. பெரிதான பிறகு பக்கத்தில் இருப்பதை நசுக்கும்: சிறுநீர்க்குழாயை அமுக்கினால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் வீங்கும், மலக்குடலை அமுக்கினால் மலச்சிக்கல், நரம்பை அமுக்கினால் பிட்டத்திலிருந்து கால் வரை இழுக்கும் வலி, சிரையை அமுக்கினால் ஒரு கால் மட்டும் வீக்கம். எல்லாமே வேறு பத்துக் காரணத்தால் வரக்கூடியவை என்பதால், இதுதான் என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

யாருக்கெல்லாம் வரும்?

அறுபதைத் தாண்டிய ஆண்களுக்குத்தான் மிக அதிகம். பீடி, சிகரெட் முதல் காரணம், அப்புறம் ரத்த அழுத்தம், கொழுப்பு படிந்து குழாய் தடித்துப் போவது, குடும்பத்தில் யாருக்காவது இருப்பது. மார்ஃபான் மாதிரி பிறவியிலேயே இணைப்புத் திசு பலவீனமானவர்களுக்கு இள வயதிலும் வரலாம். கிருமித் தொற்றாலும், அடிபட்டும், முன்பு செய்த ஆபரேஷன் தையல் இடத்திலும் வருவதுண்டு, அவை தனி ரகம். அப்பா நாற்பது வருடம் பீடி, நாளைக்கு ஒரு கட்டு. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது என்றார் சர்ஜன். சித்தப்பாவை இழுத்துக்கொண்டு போய் எடுத்தேன், நானும் எடுத்தேன், இருவருக்கும் ஒன்றுமில்லை. நோயாளிக்கு முழங்காலின் பின்புறக் குழாயையும் பார்ப்பார்கள், அங்கேயும் ஜோடியாக வீக்கம் இருப்பதுண்டு.

எத்தனை சென்டிமீட்டர் வந்தால் ஆபரேஷன்?

பழைய கணக்கு 3 சென்டிமீட்டர். இப்போது பல டாக்டர்கள் 3.5 வரை, சிலர் அதற்கு மேலும் கூடப் பொறுத்துப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அதற்குக் கீழே வெடிப்பது குறைவு. வலி வந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, கிருமித் தொற்றாக இருந்தாலோ அளவைப் பார்க்க மாட்டார்கள். சிறியதாக இருந்தால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை ஸ்கேன், அவ்வளவுதான். அப்பாவுக்கு வலது பக்கமும் 1.9 இருந்தது, "அது கிடக்கட்டும், கண் வைத்துக்கொள்வோம்" என்று விட்டுவிட்டார்கள்.

முடிவு எடுப்பதற்கு முன் சிடி ஆஞ்சியோ கட்டாயம். கையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றி எடுப்பது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் சாயம் ஏற்றுவார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிறுநீரகம் சுமாராக இருந்தால் அதைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

மாத்திரையில், நாட்டு மருந்தில் கரையாதா?

கரையாது. உப்பின சுவரைச் சுருக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின் எல்லாம் தருவார்கள், அவை இதயத்தையும் மற்ற குழாய்களையும் காப்பாற்றுவதற்கு. பீடியை விட்டால் வளர்ச்சி மெதுவாகும் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிற ஒரே மருந்து.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வயிற்று வலி என்றதும் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவி விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரிந்த பிறகு யாரையும் வயிற்றில் கை வைக்க விடாதீர்கள். அத்தை ஒருவர் பாட்டிலோடு கிளம்பி வந்துவிட்டார், வாசலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

வயிற்றைத் திறந்து செய்வது எப்படி?

முழு மயக்கம். வயிற்றின் நடுவில் நீளமாகவோ, பக்கவாட்டில் சாய்வாகவோ கிழித்து, வீக்கத்துக்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தி, வீங்கின பையைத் திறந்து, உள்ளே இருக்கும் உறைந்த ரத்தத்தை வழித்து எடுத்துவிட்டு, பாலியஸ்டர் துணிக் குழாய் ஒன்றை இரண்டு பக்கமும் நல்ல சுவரோடு தைக்கிறார்கள். பழைய பையின் சுவரை வெட்டி வீசுவதில்லை, புதுக் குழாயின் மேலேயே போர்த்தி மூடிவிடுகிறார்கள். மகாதமனியும் வீங்கியிருந்தால் தலைகீழ் ஒய் வடிவில் பெரிய குழாய்.

கஷ்டம் எங்கே என்றால் இடம். பொது இலியாக் இரண்டாகப் பிரிகிற அந்த முனையில்தான் சிறுநீர்க்குழாய் குறுக்கே தாண்டிப் போகிறது, பின்னால் சிரை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வலியில்லாமல் வருடக்கணக்கில் வளர்ந்த வீக்கத்தில் எல்லாம் பிசின் போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். ஐசியுவில் ஓரிரு நாள், ஆஸ்பத்திரியில் மொத்தம் ஒரு வாரம் பத்து நாள், பழைய தெம்பு திரும்ப இரண்டு மூன்று மாதம். ரத்தப்போக்கு, மாரடைப்பு, சிறுநீரகம் சோர்வது, பின்னாளில் தழும்பு வழியாகக் குடலிறக்கம், இவையெல்லாம் கையெழுத்து வாங்கும் தாளில் இருக்கும்.

உள் இலியாக்கில் மட்டும் வீக்கம் என்றால் மேல்முனையைக் கட்டிவிட்டால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. போதாது. தலைமதகை அடைத்தாலும் பக்கத்து வயல் கசிவிலிருந்து குட்டையில் தண்ணீர் ஊறுமே, அதுபோல மறுபக்கக் கிளைகளிலிருந்து ரத்தம் திரும்பி வந்து பையை நிரப்பிக்கொண்டே இருக்கும், அதனால் உள்ளே திறக்கும் கிளை வாய்களையும் அடைத்தாக வேண்டும்.

ஸ்டென்ட் வைப்பது என்றால்?

இதயத்துக்கு வைக்கும் கம்பி வலை ஸ்டென்ட் வேறு, இது வேறு. இது துணி போர்த்திய ஸ்டென்ட். தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, குடை மடக்கின மாதிரி சுருட்டிய குழாயை எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மேலே ஏற்றி, வீக்கத்துக்குள் விரித்துவிடுகிறார்கள். ரத்தம் அதன் வழியாகப் போய்விடும், வெளியே இருக்கிற பழைய பைக்கு அழுத்தம் போகாது. அப்பாவுக்கு வீக்கம் மகாதமனி பிரிகிற முனையிலிருந்தே தொடங்கியதால் கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்த ஒன்றைச் சிறுநீரகங்களுக்குப் போகும் தமனிகளுக்குக் கீழிருந்து இறக்கினார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள், நடுவில் அப்பா டாக்டரிடம் ஊரில் மழை உண்டா என்று விசாரித்திருக்கிறார். இரண்டாம் நாள் நடந்தார், நான்காம் நாள் வீடு.

பிட்டத்துக்குப் போகும் குழாயை அடைப்பார்களாமே? அது ஆபத்தில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள், ஏனென்றால் இதைத்தான் யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை.

வீக்கம், பொது இலியாக் பிரிகிற முனை வரை இறங்கியிருந்தால் ஸ்டென்ட்டின் கீழ்முனை பிடித்து உட்கார நல்ல சுவர் அங்கே இருக்காது. அப்போது அதை வெளி இலியாக் வரை நீட்ட வேண்டும். நீட்டினால் உள் இலியாக்கின் வாய் மூடிவிடும். மூடிய வாய் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து பையை நிரப்பாமல் இருக்க, முதலில் அதற்குள் காயில் என்ற பிளாட்டினக் கம்பிச் சுருளைத் திணித்து அடைத்துவிடுவார்கள். பிட்டத் தசைக்கு ரத்தம் குறையும். சுமார் மூன்றில் ஒருவருக்கு நடக்கும்போது அந்தப் பக்கப் பிட்டம் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும்.

அடைக்காமல் செய்ய வழி இருக்கிறது: உள் இலியாக்குக்கும் தனியாக ஒரு கிளை வைத்த ஸ்டென்ட். எல்லோருடைய குழாய் அமைப்புக்கும் அது பொருந்தாது, பொருந்தினாலும் விலை கூடுதல். இரண்டு பக்கமும் அடைக்க வேண்டிய நிலை என்றால் ஒரு பக்கத்தையாவது காப்பாற்றியே தீர வேண்டும் என்று முயல்வார்கள், ஏனென்றால் இரண்டும் போனால் நடை மட்டுமல்ல, மலக்குடலுக்கும் சில சமயம் தண்டுவடத்துக்கும்கூட ரத்தம் குறையலாம்.

அப்பாவுக்கு வலது உள் இலியாக் நன்றாக இருந்ததால் இடதை அடைத்தார்கள். வீட்டிலிருந்து எங்கள் போர் கொட்டகைக்கு வரப்பு வழியாக அரை கிலோமீட்டர் இருக்கும். முன்பு நடுவில் நிற்காமல் போவார். முதல் இரண்டு மாதம் பாதி வழியில் வாய்க்கால் மதகுக் கட்டையில் இடது கையை ஊன்றி உட்கார்ந்துவிடுவார், இரண்டு நிமிடம் துண்டால் முகம் துடைப்பார், எழுந்து போவார். ஆறாம் மாதத்தில் கொட்டகை வரை ஒரே மூச்சில் போனார், சின்னக் கிளைகள் பெருத்து வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று சர்ஜன் சொன்னது சரிதான். ஆனால் எல்லோருக்கும் முழுதாகப் போய்விடாது. ஆகவே சம்மதக் கையெழுத்துக்கு முன்னால் இப்படிக் கேளுங்கள்: "உள் இலியாக்கை என்ன செய்யப் போகிறீர்கள், அந்தப் பக்கமா, இரண்டு பக்கமுமா?"

திறந்து செய்வதா, ஸ்டென்ட்டா? எது நல்லது?

வயது, இதயம், குழாயின் வடிவம் மூன்றையும் பார்த்துத்தான். மகாதமனி வீக்கத்துக்குப் பிரிட்டனில் நடந்த ஈவார் 1 என்ற பெரிய ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் திறந்து செய்ததில் 4.7 சதவீதம், ஸ்டென்ட்டில் 1.7 சதவீதம். ஆனால் அதே நோயாளிகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது அந்த ஆதாயம் கரைந்து, எட்டு வருடத்துக்கு மேல் திறந்து செய்தவர்கள்தான் மேலாக இருந்தார்கள். ஆக, அறுபது வயதில் திடமாக இருப்பவரைத் திறந்து செய்யச் சொல்வதற்கும், எழுபத்தைந்தில் இதயம் பலவீனமானவருக்கு ஸ்டென்ட் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கத்தி இல்லை என்பதாலேயே ஸ்டென்ட்தான் உசத்தி என்று நினைப்பது தப்பு. கிருமித் தொற்று வீக்கத்துக்கு முடிந்தவரை திறந்துதான்.

ஆண்மை பாதிக்குமா?

யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, கேட்டைத் தாண்டி வந்து காதில் கேட்கிறார்கள். பாதிக்கலாம். திறந்து செய்யும்போது அந்த இடத்து நரம்புகள் அடிபடலாம், விந்து பின்னோக்கிப் போகலாம். உள் இலியாக்கை அடைத்தாலும், குறிப்பாக இரண்டு பக்கமும் அடைத்தால், விறைப்பு குறையலாம். வெட்கப்படாமல் ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள், அவர் திட்டத்தையே மாற்றக்கூடும்.

வெடித்துவிட்டால் எப்படித் தெரியும்?

அடிவயிற்றிலோ, இடுப்பிலோ, முதுகிலோ திடீரென்று தாங்க முடியாத வலி, வியர்வை, தலைசுற்றல், மயக்கம். கல்லடைப்பு என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிற ஆபத்து இதில்தான். வீக்கம் இருப்பது தெரிந்தவர் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 108. ஆம்புலன்ஸில் ஏறியதும் "ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள், சிடி ஸ்கேன் பதிந்த தட்டையும் ரிப்போர்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். நாங்கள் அப்படித்தான் மாட்டியிருந்தோம். உள்ளூர் கிளினிக் வழியாகப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள், ஆபரேஷன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் தேவை. வெடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களிலேயே பலர் பிழைப்பதில்லை.

செலவு?

ஸ்டென்ட் என்றால் லட்சங்களில்தான், பெரும்பகுதி அந்தச் சாதனத்துக்கே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனால் அட்டை போடலாம். எந்தச் சாதனத்துக்கு எவ்வளவு அனுமதி என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய் வார்த்தையை நம்பி அட்மிட் ஆகாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் எழும்பூர், அங்கிருந்து பக்கம்.

இதெல்லாம் இப்போது வந்த வைத்தியமா?

1817லேயே லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற சர்ஜன், இலியாக் வீக்கம் வெடித்த ஒரு கூலித் தொழிலாளிக்கு வேறு வழியில்லாமல் மகாதமனியையே நூலால் கட்டிப் பார்த்தார். அந்தத் தொழிலாளி 40 மணி நேரம் உயிரோடு இருந்தார். 1951இல் பாரிஸில் சார்ல்ஸ் டூபோஸ்ட், வீங்கின வயிற்று மகாதமனியை வெட்டி எடுத்து, இறந்தவர் ஒருவரின் தமனியை வைத்துத் தைத்தார். அமெரிக்காவில் மைக்கேல் டெபேக்கி கடையில் டேக்ரான் என்ற பாலியஸ்டர் துணி வாங்கி, வீட்டுத் தையல் மெஷினிலேயே குழாய் தைத்தார். எங்கள் தெரு டெய்லருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வைத்தாயிற்று, அத்தோடு முடிந்ததா?

திறந்து செய்தால் ஏறக்குறைய முடிந்த மாதிரி. ஸ்டென்ட் என்றால் இல்லை. பைக்குள் ரத்தம் கசிகிறதா என்று ஒரு மாதத்தில், பிறகு ஒரு வருடத்தில், பிறகு வருடா வருடம் பார்க்க வேண்டும், ஆயுசுக்கும். கசிவு இருந்தால் சிலது தானாக அடைபடும், சிலதுக்கு மறுபடி உள்ளே போக வேண்டும். வலி இல்லையே என்று இரண்டு வருடம் போகாமல் இருந்து, பை பெருத்துக்கொண்டு வந்தவர் ஒருவரை அதே வார்டில் பார்த்தேன்.

மண்வெட்டி எப்போது பிடிக்கலாம்?

ஸ்டென்ட்டுக்கு, தொடை இடுக்குக் காயம் ஆறி இரண்டு மூன்று வாரத்தில் லேசான வேலை. திறந்து செய்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை எதையும் தூக்கக் கூடாது, நெல் மூட்டைப் பக்கமே போகக் கூடாது. அப்பாவுக்குப் பதினைந்தாம் நாளே குறுவை நடவு. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார், கையில் பீடி மட்டும் இல்லை.